60 ஏக்கர் கண்மாயும் 14 அங்குலக் குழாயும்: ஒரு நீர்நிலைக் குழுவின் அனுபவம்

பின்னணி

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமம். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயர்களும் இந்தப் பதிவில் இல்லை. சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் ஒரே டீக்கடையில் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த ஊரின் கண்மாயை மீட்கக் கிளம்பிய குழுவுக்கு நான் பொருளாளர். கணக்கு நோட்டு என் கையில் இருந்ததால் எந்த வேலைக்கு எவ்வளவு போனது, எது பயன் தந்தது என்பதைப் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கண்மாய் மானாவாரி. ஆற்றுத் தண்ணீர் கிடையாது. பெய்கிற மழையும், மேற்கே இரண்டரைக் கிலோமீட்டரில் இருக்கும் பெரிய கண்மாய் நிரம்பி மறுகால் போனால், அதாவது மிஞ்சியது வழிந்து ஓடினால், வருகிற தண்ணீரும்தான் வரத்து. நீர்ப்பரப்பு ஏறக்குறைய 60 ஏக்கர், ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 85 ஏக்கர், வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை இரண்டு, மிஞ்சியது வழியும் கலுங்கு ஒன்று. ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் குறைந்தால் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேல் போனால் பொதுப்பணித் துறை, இப்போது நீர்வளத் துறை. எங்களுடையது முதல் வகை, மேல் கண்மாய் இரண்டாம் வகை. நடுவில் ஓடுவது ஒரே கால்வாய்தான், ஆனால் அதற்கு இரண்டு அலுவலகம். இது எத்தனை நடை நடக்க வைக்கும் என்று அப்போது தெரியாது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. அந்த மார்கழியில் கண்மாய்க்குள் ஆடு மேய்ந்தது, பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். 2017 பொங்கலுக்கு ஊருக்கு வந்த சிலர் கரையில் நின்று பேசிக்கொண்டிருந்ததில் ஒரு வாட்ஸ்அப் குழு உருவானது. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்த ஊர்க்காரர்கள் பணம் தரத் தயாராக இருந்தார்கள், ஆனால் ரசீது கேட்டார்கள். அதனால் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ், சட்டம் கேட்கும் ஏழு பேரோடு, சங்கமாகப் பதிவு செய்தோம். எழுவரில் விவசாயம் செய்பவர் இரண்டு பேர்தான்.

முதல் கோடை, 2017

முதல் கூட்டத்தில் நான்கு தீர்மானம் போட்டோம். கண்மாய்க்குள் இருக்கும் சீமைக்கருவேலத்தை எடுப்பது. ஆழப்படுத்துவது. எடுக்கிற மண்ணில் கொஞ்சத்தைக் கரையில் போட்டு, மிச்சத்தை நடுவில் தீவு மாதிரி குவித்து மரம் நடுவது. கரை நெடுகப் பனை விதை ஊன்றுவது.

ஏன் இந்த நான்கு? உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லியிருந்த நேரம் அது. ஊருக்கு ஊர் அதே பேச்சாக இருந்தது. அரசும் குடிமராமத்து என்ற பழைய பெயரில் நீர்நிலைகளைச் சீரமைக்கும் புதிய திட்டத்தைத் தொடங்கியிருந்தது. இன்னொரு காரணத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஹிட்டாச்சி மண்ணை அள்ளுகிற படத்தைக் குழுவில் போட்ட அன்று ராத்திரியே 40,000 ரூபாய் வந்தது. படம் வந்தால் பணம் வந்தது. பணம் வந்தால் அடுத்த வேலையும் படம் எடுக்கிற மாதிரியான வேலையாகவே அமைந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, அது அப்படியே போனது.

ஒன்றிய அலுவலகத்தில் அனுமதி வாங்கி 26 நாள் இயந்திரம் ஓடியது. முதல் மடைக்கு எதிரே சுமார் இரண்டு ஏக்கர் பரப்பில் ஆறடி ஆழத்துக்கு எடுத்தோம். வாடகையும் டீசலும் சேர்த்து 4 லட்சத்து 30 ஆயிரம்.

அந்த 26 நாளில் மூன்று தவறு நடந்தது. அன்று எங்களுக்கு அது தவறாகத் தெரியவில்லை.

சீமைக்கருவேலத்தோடு சேர்ந்து நாட்டுக்கருவேலமும் போனது. இரண்டும் முள், இரண்டும் கருவேலம்; ஓட்டுநருக்கு வித்தியாசம் தெரிய வேண்டியதில்லை, பக்கத்தில் நின்ற எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் நின்ற வருஷங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டியது அந்த நாட்டுக்கருவேலத்தில்தான். இத்தனைக்கும் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கே கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் பறவைகள் தங்குகின்றன. அவற்றுக்காகச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை.

இரண்டாவது, சீமைக்கருவேலத்தை நம்பி மூன்று குடும்பங்கள் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தன. வெட்டிய விறகு மொத்தமும் ஏலத்தில் வெளியூர் வியாபாரிக்குப் போனது. அவர்களை நாங்கள் கூட்டத்துக்கே கூப்பிடவில்லை.

மூன்றாவது, குழியின் பக்கங்களைச் செங்குத்தாக விட்டுவிட்டோம். ஐப்பசியில் ஒரு எருமைக் கன்று இறங்கி, ஏற முடியாமல் செத்தது. கன்றுக்கான பணத்தைச் சங்கம் கொடுத்தது. குழந்தை இறங்கியிருந்தால் என்ற கேள்வியை அன்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மறுநாளே ஆள் வைத்து மூன்று பக்கம் சரித்துவிட்டோம்.

மழை வந்தது, தண்ணீர் வரவில்லை

2017 பருவமழை மோசமில்லை. ஊரில் பெய்த தண்ணீர் கண்மாய்க்கு வந்தது, வந்தது முழுவதும் குழிக்குள் போய் நின்றது. மடையின் அடிமட்டத்துக்கும் ஆறடி கீழே நிற்கும் தண்ணீர் மடை வழியாக எப்படி வெளியேறும்? மாடு குடித்தது, மீன் கிடந்தது. வயலுக்கு ஒரு சொட்டு போகவில்லை. தை பிறக்கும்போது அதுவும் காணோம். தோண்டிய வேகத்தில் களியை வெட்டிச் சரளை வரைக்கும் போயிருந்தோம். தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. கரைக்குக் கீழே இரண்டு கிணறுகளில் அந்த வருஷம் ஊற்று நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு கிணற்றுக்காரர்கள் மட்டும் இன்றுவரை எங்கள் குழியைக் குறை சொல்வதில்லை.

ஒரு ஏக்கரில் ஓரடித் தண்ணீர் என்றால் 43,560 கன அடி. இரண்டு ஏக்கரில் ஆறடி தோண்டினால் கிடைக்கும் இடம் சுமார் 5.2 லட்சம் கன அடி. கேட்கப் பெரிதாக இருக்கும். அதையே 60 ஏக்கர் கண்மாயில் பரப்பினால் உயரம் இரண்டரை அங்குலம்கூட இல்லை. நாலே கால் லட்சத்துக்கு மேல் செலவழித்து நாங்கள் வாங்கியது அந்த உயரம். நடுவில் குவித்த தீவு அதிலும் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இந்தக் கணக்கைப் போட ஒரு பென்சில் போதும். தோண்டுவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டும்.

வரத்துக்காலில் ஒரு நாள்

2018 மாசியில் பழைய நீர்ப்பாய்ச்சி ஒருவரைப் பார்க்கப் போனோம். அவருக்கு அப்போது எழுபதைத் தாண்டியிருக்கும். அவர் அப்பா காலத்தில் மடை திறப்பதும் வயலுக்கு வயல் தண்ணீர் பங்கு வைப்பதும் அந்தக் குடும்பத்தின் வேலை. களத்தில் நெல்லாகக் கூலி. இரண்டாவது மடைக்கு எதிரேயும் தோண்டலாமா என்று கேட்கத்தான் போனோம்.

“கண்மாய்க்குள்ள என்ன தம்பி தேடுறீங்க? தண்ணி மேற்க இருந்துல்ல வரணும்” என்றார். அப்புறம், “கால்ல எப்ப கடைசியா நடந்தீங்க?” என்றார். கால் என்றால் வரத்துக்கால், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய். எங்கள் ஏழு பேரில் ஒருவரும் அதில் முழுக்க நடந்தது கிடையாது.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஐந்து பேர் கிளம்பினோம். கையில் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய புலப்பட (நில அளவைப் படம்) நகல்கள், ஒரு டேப், கொத்தனாரிடம் இரவல் வாங்கிய, மட்டம் பார்க்கும் லெவல் ட்யூப். செலவு 640 ரூபாய்: டீ, வடை, நகல், ட்யூபில் ஊற்றிய தண்ணீர் தெரிவதற்குக் கொஞ்சம் நீலம்.

கண்டது இது. முதல் அரைக் கிலோமீட்டர் புதர் அடைந்த கால்வாய். ஆள் வைத்தால் சரியாகிவிடும். அடுத்து ஒரு தென்னந்தோப்பு. படத்தில் ஐந்து மீட்டர் அகலம் இருக்கும் கால்வாய், தரையில் ஒன்றரை மீட்டர் வாய்க்காலாகத் தோப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போனது. தோப்பு எங்கள் செயலாளருடைய மைத்துனருக்குச் சொந்தம். செயலாளர் அந்த இடத்தில் எதுவும் பேசாமல் நடந்தார்.

பிறகு புறவழிச்சாலை. சாலைக்கு அடியில் இரண்டு சிமென்ட் குழாய்கள். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நீர்ப்பாய்ச்சி குழாய்க்குள் குனிந்து பார்த்துவிட்டு, “மட்டம் பிடிங்க” என்றார். ட்யூபின் ஒரு முனையைக் கால்வாய்த் தரையில் வைத்த குச்சியிலும், மறுமுனையைக் குழாயின் அடியிலும் பிடித்தோம். நீலத் தண்ணீர் ஆடி அடங்கியதும் அளந்தால் 14 அங்குலம். குழாயின் அடிப்பாகம் கால்வாயின் தரையைவிட 14 அங்குலம் உயரத்தில் பதிக்கப்பட்டிருந்தது. சாலைக்கு மேற்கே அத்தனை உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால்தான் குழாயில் முதல் துளி நுழையும். அது தேங்குவதற்கு முன்னால் பக்கத்துத் தரிசில் பரவிப் போய்விடும். சாலை வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அத்தனை வருஷமும் மழை பொய்த்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

கடைசியாக மேல் கண்மாயின் கலுங்கு. அதன் மேல் வரிசையாக மணல் மூட்டைகள், ஓரடி உயரத்துக்கு.

எடுத்த முடிவுகள்

மூன்று தடை, மூன்று வேறு வழி. இதில் சங்கத்துக்குள் பெரிய சண்டை நடந்தது.

இளையவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றார்கள். 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தை எடுத்துக் காட்டினார்கள். அந்தச் சட்டம் பொதுப்பணித் துறை வசம் இருக்கும் ஏரிகளுக்கானது. ஒன்றியத்துக் கண்மாய்க்கு 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான் கை கொடுக்கும் என்று எங்களுக்குத் தெரிந்த வக்கீல் சொன்னார். எந்தச் சட்டமானாலும் மறுநாளும் அதே ஊரில்தான் இருக்க வேண்டும் என்பது பெரியவர்களின் வாதம். நான் இரண்டாவது பக்கம் நின்றேன்.

குழாய்க்கு மனு என்று முடிவானது. அதில் தனி மனிதர் யாரும் இல்லை, யாருக்கும் மனத்தாங்கல் வராது. தோப்புக்கு நில அளவை. பேச்சுவார்த்தை என்று போனால் செயலாளரின் வீட்டுக்குள் சண்டை வரும், அரசு அளவர் வந்து கல் நட்டால் பழி அவர் மேல் போகும், சொந்தம் தப்பிக்கும். மேல் கண்மாய்க்குப் பேச்சு.

அந்தப் பேச்சு தொடங்கும் முன்பே எங்கள் பையன் ஒருவன் மூட்டைகளை வீடியோ எடுத்து, ‘தண்ணீர்த் திருடர்கள்’ என்று தலைப்பு வைத்துப் போட்டுவிட்டான். மேல் ஊரிலிருந்து பத்துப் பேர் டிராக்டரில் வந்தார்கள். வீடியோவை எடுத்தாயிற்று, மன்னிப்பும் கேட்டாயிற்று. ஆனால் எட்டு மாதம் அந்த ஊரில் எங்களுடன் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. 2018 பருவமழை அப்படியே போனது. அந்த மழையே 24 சதவீதம் குறைவு என்பதால், தண்ணீர் வராததற்கு வீடியோ காரணமா மழை காரணமா என்று இன்றும் வழக்குப் பேசுகிறார்கள்.

மேல் கண்மாய்க்காரர்கள் சொன்னது

2019 தையில் ஐயனார் கோயிலில் உட்கார்ந்தோம். மூட்டை போட்டது தப்பு என்று நிரூபிக்கத் தயாராகப் போயிருந்தோம். மேல் கண்மாயின் பரப்பு 110 ஏக்கர். ஓரடி மூட்டை பிடித்து வைக்கும் தண்ணீர் சுமார் 48 லட்சம் கன அடி, நாங்கள் தோண்டிய குழியைப் போல ஒன்பது மடங்கு. இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன்.

அவர்கள் கணக்கைப் பார்த்துவிட்டு, “சரி, எங்களுக்கு வர்ற காலை நீங்க பாத்திருக்கீங்களா?” என்றார்கள். அவர்கள் வரத்துக்காலும் அடைந்துதான் கிடந்தது. வருகிற தண்ணீர் குறைந்ததால் வந்ததையாவது பிடித்து வைக்க மூட்டை போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு மேலே இருப்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு மேலேயும் ஒருவர் உண்டு. தமிழகத்தின் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி குளம் கண்மாய்களில் பெரும்பாலானவை இப்படி ஒன்றன் கீழ் ஒன்றாகத்தான் இருக்கின்றன. படித்துத் தெரிந்த விஷயம், அன்றைக்குத்தான் புரிந்தது.

கடைசியில் ஒத்துக்கொண்டது: கார்த்திகை கடைசி வரை கலுங்கில் எதுவும் வைக்கக் கூடாது, மார்கழி பிறந்த பிறகு மூட்டை அடுக்கிக்கொள்ளலாம். மழையின் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிடும் என்பதால் எங்களுக்கு வர வேண்டியது வந்துவிடும், வால் மழைத் தண்ணீர் அவர்களுக்கு நிற்கும். பதிலுக்கு அவர்கள் வரத்துக்காலில் ஒரு கிலோமீட்டரைச் சங்கச் செலவில் தூர் வாரித் தருவது. எழுத்தில் வைக்கவில்லை. கோயிலில் சொன்னது போதும் என்று அவர்கள் சொன்னார்கள், எங்கள் வக்கீல் நண்பருக்கு அதில் உடன்பாடில்லை.

பக்கத்து ஊர்க் கால்வாயைத் தூர் வார நம் பணமா என்று வெளிநாட்டில் இருந்தவர்களில் சிலர் கேட்டார்கள். அந்த வருஷ வசூல் பாதியாகக் குறைந்தது. இரண்டு பேர் குழுவிலிருந்தே வெளியேறினார்கள்.

2019 முதல் 2022 வரை

குழாய் மனு 14 மாதம் எடுத்தது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் நான்கு முறை நின்றோம். மனுவோடு ட்யூப் பிடித்த படத்தையும் அளவையும் இணைத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. கடைசியில் சாலை போட்ட துறை ஒரு குழாயை மட்டும் தோண்டி இறக்கிப் பதித்தது. ஒன்று போதுமா என்ற சந்தேகம் இருந்தது; சராசரி மழைக்குப் போதும் என்று பின்னால் தெரிந்தது. அளவர் மூன்றாவது தேதி கொடுத்து வந்து தோப்பில் கல் நட்டார். 19 தென்னை போனது. மைத்துனர் சங்கத்துக்கு இன்றும் சந்தா தருவதில்லை, செயலாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தார்.

2019 பருவமழை சராசரியை ஒட்டியது. கார்த்திகை மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில் மேல் கண்மாய் மறுகால் எடுத்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் கண்மாய்க்குள் தண்ணீர் நுழைந்தது, சருகும் செருப்பும் பிளாஸ்டிக்கும் தள்ளிக்கொண்டு. கண்மாய் பாதிக்குக் கொஞ்சம் மேல் பெருகியது. ஏறக்குறைய 40 ஏக்கர் விளைந்தது. 2020-ல் கொரோனாவால் கால்வாயில் ஒரு வேலையும் நடக்கவில்லை. இருந்ததை வைத்து ஓட்டினார்கள். 2021-ல் மாநிலம் முழுவதும் சராசரியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் மழை. எங்கள் கலுங்கும் மறுகால் போனது. ஆயக்கட்டு முழுவதும் நடவு.

அதோடு கதை முடியவில்லை. புறவழிச்சாலை ஓரம் வீடுகள் பெருகியிருந்தன. புதர் மண்டிக் கிடந்தவரை அந்தக் கால்வாயில் யாரும் எதையும் விடவில்லை. நாங்கள் அகலமாக்கிச் சுத்தம் செய்ததும் வீட்டுக்கு வீடு குழாய் வைத்துக் கழிவுநீரை விட்டுவிட்டார்கள். தண்ணீருக்குத் திறந்த வழியில் சாக்கடையும் வந்தது, பின்னாலேயே ஆகாயத்தாமரை. கழிவுநீர்ச் சத்து கிடைத்தால் அந்தச் செடி இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும். 2022 கோடையில் கண்மாயில் கால்வாசி பச்சையாக மூடியிருந்தது. மீன் குத்தகை எடுத்தவர் வலை இறக்க முடியவில்லை என்று பணத்தைத் திருப்பிக் கேட்டார்.

ஆகாயத்தாமரையை எடுக்கக் கரிமூட்டக் குடும்பங்களையே கூலிக்கு வைத்தோம். சங்கம் முதன்முதலாக அவர்களோடு உட்கார்ந்து பேசியது அப்போதுதான், ஐந்து வருஷம் கழித்து.

மறுபடி தொடங்கினால்

முதல் மாதம் பணமே வசூலிக்க மாட்டேன். வரத்துக்கால், கண்மாய், மறுகால் மூன்றிலும் ட்யூபோடு நடந்து, எந்த இடத்தில் என்ன மட்டம் என்று எழுதி முடித்த பிறகுதான் ரசீதுப் புத்தகம் அச்சடிப்பேன். கையில் பணம் இருந்தால் இயந்திரத்தைக் கூப்பிடத்தான் தோன்றும்.

கண்மாய்க்குள் தூர் வாருவதே தப்பு என்று சொல்லவில்லை. படிந்த வண்டலை மட்டும், மடைமட்டம் வரைக்கும், பரவலாக எடுத்தால் நல்லது. அனுமதி பெற்று விவசாயிகள் வயலுக்கு அள்ளிக்கொண்டால் செலவும் குறைவு. தீவு போட மாட்டேன். கருவேலத்தில் கை வைக்கும் முன் நாட்டு மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்து விடுவேன். கரி போடுகிறவர்களையும் மீன் குத்தகைக்காரரையும் ஆடு மேய்க்கிறவர்களையும் முதல் கூட்டத்துக்கே கூப்பிடுவேன். ஆயக்கட்டு இல்லாதவர்களுக்கும் கண்மாயில் பங்கு உண்டு என்பது எங்கள் பதிவேட்டில் இல்லை.

கால்வாயைத் திறக்கும்போதே வீடுகளின் கழிவுநீருக்கு வழி கேட்டு உள்ளாட்சியிடம் போயிருக்க வேண்டும். நாங்கள் திறந்த பிறகு போனோம். உறிஞ்சு குழி போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை 11 வீடுகளுக்கு ஆகியிருக்கிறது.

கலுங்கு ஒப்பந்தம் இன்னும் வாய்ச்சொல்தான், மீறப்படவில்லை. புரட்டாசி முதல் ஞாயிறு இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து வரத்துக்காலில் நடக்கிறோம். போன தடவை நீர்ப்பாய்ச்சிக்கு முட்டிவலி, வரவில்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் நோட்டை வாசித்துக் காட்டினோம். குழாய்க்கு மேற்கே மூன்று அங்குலம் மண் சேர்ந்திருப்பதைக் கேட்டுவிட்டு, மழைக்கு முன்னால் எடுத்துவிடச் சொன்னார். எடுத்தாயிற்று, கூலி 1,200.